பெஞ்சுக்கு இந்தப் பக்கம்

இதை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. பெஞ்சு பச்சை நிறம் என்று ஒருவர் சொன்னார். சாம்பல் நிறம் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். மேனேஜர் அன்று கத்தினாரா, கத்தாமலே காரியத்தைக் கெடுத்துக்கொண்டாரா என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. பீப்பாய்க்காரியிடமே கேட்டுப் பார்த்தேன். "யாருக்குத் தெரியும்? நான் என் காலைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அதனால் காலிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதில் பிழை இருந்தால் அது என் தலையில்.

அந்த ஆலையில் கல்லை மாவாக அரைத்து அமிலத்தில் ஊறவைப்பார்கள். கல்லில் இருந்த யுரேனியம் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும், கல் சக்கையாக நின்றுவிடும். அந்தத் தண்ணீரைத் தெளியவைத்து, தொட்டி தொட்டியாக மாற்றி, கடைசித் தொட்டியில் மருந்து கலந்தால் மஞ்சளாக ஒரு வண்டல் அடியில் உட்காரும். அதைப் பிழிந்து உலர்த்தினால் சரக்கு. வெளியில் அதற்குப் பெரிய பெரிய பெயர்கள். ஆலைக்குள் அதை மாவு என்றுதான் சொல்வார்கள்.

பீப்பாய்க்காரிக்கு வேலை கடைசி அறையில். உலர்த்தியிலிருந்து குழாய் வழியாக இறங்கும் மாவைப் பீப்பாயில் நிரப்ப வேண்டும். தட்டித் தட்டி அமர்த்த வேண்டும். மூடியை வைத்து வளையத்தைப் போட்டு முடுக்கி, பீப்பாயின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முகமூடி, கையுறை, கழுத்துவரை மூடிய உடுப்பு, முட்டிவரை பூட்ஸ். இத்தனையும் மாட்டிக்கொண்டு நடக்கும்போது அவளைப் பார்த்தால் ஒரு பீப்பாய் இன்னொரு பீப்பாயை உருட்டிக்கொண்டு போவதுபோல இருக்கும் என்று அரைப்பு ஆட்கள் கிண்டல் செய்வார்கள். "உருட்டுற பீப்பாய்க்குக் கையும் உண்டு, ஜாக்கிரதை" என்பாள்.

அவள் மாவுக்குப் பயப்படுகிறவள் இல்லை. "அது ஒண்ணும் பேய் இல்ல. தொட்டா செத்துப்போயிட மாட்டோம். மூச்சுலயோ வாயிலயோ உள்ள போனாத்தான் வம்பு. சிறுநீரகத்துல போய் வாடகை கொடுக்காம உட்காந்துக்கும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். அதற்காகத்தான் வாரம் ஒருமுறை எல்லோரும் பாட்டிலில் சிறுநீர் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பெஞ்சும்.

உடை மாற்றும் அறையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை குறுக்கே அடைத்துக்கொண்டு கிடந்தது பெஞ்சு. முழங்கால் உயரம். கீழே காலியிடம் இல்லாமல் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஆலை இருக்கும் பக்கம் அழுக்குப் பக்கம். வாசல் இருக்கும் பக்கம் சுத்தப் பக்கம். வேலை முடிந்து வருகிறவர்கள் அழுக்குப் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றி, உடுப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, அப்படியே திரும்பி, சுத்தப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு குளியல். பிறகு மீட்டர்காரர் கையிலும் காலிலும் கதிர்வீச்சு பார்க்கும் கருவியை வைத்துப் பார்ப்பார். அது சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். கூடையில் விழுந்த உடுப்பு ஆலைக்குள்ளேயே இருந்த சலவை அறைக்குப் போகும். ஒரு நூல்கூட வெளியே வராது.

இருபது வருஷமாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து அது அவளுக்கு உடம்பில் ஊறிப்போயிருந்தது. தங்கச்சிக்குப் பிரசவம் ஆன அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தவள், நர்ஸ் கூப்பிட்டதும் செருப்பை இந்தப் பக்கமே கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்து எழுந்து போய்விட்டாள். வெறுங்காலோடு பிரசவ அறை வாசலில் நின்றவளை நர்ஸ் மேலும் கீழும் பார்த்தாள். "செருப்பு எங்கம்மா?" "அழுக்குப் பக்கத்துல" என்றாள் பீப்பாய்க்காரி. வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

அந்தத் தங்கச்சியை வளர்த்தது அவள்தான். அம்மா போனபோது தங்கச்சி பால்பல் விழாத பிள்ளை. இப்போது கல்யாணமாகி, அதே வீட்டின் மாடியில் குடியிருந்தாள். கீழே பீப்பாய்க்காரியும், வேன் ஓட்டும் வீட்டுக்காரரும். மாடியில் தங்கச்சியும், அவள் புருஷனும், குண்டு என்று எல்லோரும் கூப்பிடும் கைக்குழந்தையும். குண்டுவுக்கு அப்போதுதான் தவழ வந்திருந்தது. தரையில் எது கிடந்தாலும் அது முதலில் கைக்குப் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். துடைப்பக் குச்சி, பொத்தான், அப்பாவின் கால் கட்டைவிரல் எதையும் விட்டுவைப்பதில்லை.

தங்கச்சி புருஷனுக்கும் அதே ஆலைதான். மஞ்சள் வண்டல் இறங்கும் தொட்டிகளில் வேலை. ஆலையில் அவனுக்குத் தொட்டிக்காரன் என்று பெயர். காண்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த முறை நிச்சயம், பட்டியலில் உன் பெயர்தான் மேலே என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அதிலிருந்து அவன் ஆலைக்குள் தும்முவதற்குக்கூட யோசித்தான்.

அந்த வருஷம் மழை பிடித்த பிடியில் விடவில்லை. ஆலையின் கழிவுத் தண்ணீர் எல்லாம் போய்ச் சேரும் குட்டை விளிம்புவரை ஏறிவிட்டது. கரையை உயர்த்த அனுமதி வர வேண்டும். வரும்வரை ஏதாவது ஒரு தண்ணீரைக் குறைத்தாக வேண்டும். அரைப்பைக் குறைத்தால் சரக்கு குறையும். சலவையை நிறுத்தினால் சரக்கு குறையாது. மேனேஜர் சலவையை நிறுத்தினார்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் சலவை அறைக்குப் பூட்டு. பெஞ்சு ஓரத்தில் இருந்த கூடைகளைக் காணவில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் மேனேஜர். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "உடுப்பைப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்க. தனியா துவைச்சு எடுத்துட்டு வாங்க. உடுப்புல எவ்வளவு மாவு ஒட்டியிருக்கலாம்கிற அளவையும் கொஞ்சம் தளர்த்தியிருக்கோம். மீட்டர்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

மீட்டர்காரர் தன் கருவியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் பீப்பாய்க்காரி. "இங்க துவைச்ச தண்ணிய வாய்க்கால்ல விடக்கூடாது, குட்டைக்குத்தான் போகணும்னு வச்சிருந்தீங்க. எங்க வீட்டுத் தண்ணி எங்க போகும்?"

"ஒரு வீட்டுக்கு ஒரு உடுப்பும்மா. இங்க எல்லாம் ஒண்ணா சேருது, அதனால குட்டை. பிரிஞ்சு போனா அது ஒண்ணுமே இல்லாத அளவு."

"எங்க வீட்டுல ரெண்டு உடுப்பு சார்."

சிலர் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டுப் போனார். பேச்சு அதோடு முடிந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் பையோடு போனார்கள். அவள் உடுப்பைக் கழற்றி அழுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, காலைத் தூக்கி வைத்துப் போய்விட்டாள். மறுநாள் அதே உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்கு மறுநாளும். மாவு ஏற ஏற உடுப்பு அட்டைபோல விறைத்துக்கொண்டு வந்தது. மாட்டும்போதே தூசி பறந்தது.

"அக்கா, இப்படியே போட்டுக்கிட்டிருந்தா உனக்குத்தான் கெடுதல்" என்றார் மீட்டர்காரர். அவர் அவளைவிட மூத்தவர். ஆனாலும் ஆலையில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"தெரியுமே."

"பின்னே?"

"எனக்குத்தானே. வீட்டுக்கு இல்லையே."

அவர் கருவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

தொட்டிக்காரன் ஆணியில் மாட்டவில்லை. பட்டியலில் மேலே இருக்கிறவன் ஆணியில் மாட்ட முடியாது. அவன் பையோடு வீட்டுக்கு வந்தபோது பீப்பாய்க்காரி மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க அக்கா."

"நகர்றேன் மாப்பிள்ளை. கையில என்ன?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

"தெரிஞ்சுதான் கேக்குறேன். உங்க வாயால சொல்லுங்க."

"உடுப்பு. துவைக்கணும்."

"எங்க?"

"வீட்டுலதான். வேற எங்க, மேனேஜர் வீட்டுலயா?"

"அங்க கொண்டுபோனா நானே சோப்பு வாங்கித் தரேன்."

அவன் வீட்டுக்காரரைப் பார்த்தான். வீட்டுக்காரர் கண்ணாடியைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. "சகலை, இந்த வழக்குல நான் சாட்சி கூட இல்லை. வேனுக்குள்ள படுத்துக்கணும்னா சாவி தரேன்."

"அக்கா" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் பர்மனென்ட். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி ஆணி என்ன, கொடிமரம் நட்டே மாட்டுறேன்."

"ஒரு மாசத்துல குண்டு எழுந்து நடக்கும் மாப்பிள்ளை. அதுவரைக்கும் தரைதான் அதுக்கு உலகம்."

கடைசியில் அவன் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு மேலே போனான். அவளும் எழுந்து வழிவிட்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவளுக்கு விடுமுறை. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் படி ஏறி முடித்த இடத்திலேயே நின்றுவிட்டாள். கொடியில் குண்டுவின் சட்டைகள், கால்சட்டைகள். அவற்றுக்கு நடுவே, கை கால்களை விரித்துக்கொண்டு, தொட்டிக்காரனின் ஆலை உடுப்பு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே, நிழலில், குண்டுவைக் குளிப்பாட்டும் நீல டப் கவிழ்த்து வைத்திருந்தது.

தங்கச்சி பின்னாலேயே வந்துவிட்டாள். குழந்தை இடுப்பில்.

"எதுல துவைச்சே?" என்றாள் பீப்பாய்க்காரி.

"வாளி சின்னதா இருக்குக்கா. முங்கலை." பிறகு, தானே தன் குரலுக்கு எரிச்சல்பட்டவளைப் போல, "அலசிட்டேன். ரெண்டு தடவை அலசிட்டேன்" என்றாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா விடுவியா? படியில உட்காந்துக்குவே. அவர் ராத்திரி பூரா தூங்கலை தெரியுமா? நீ பர்மனென்ட். உனக்கு என்ன, வாய்க்கு வந்ததைப் பேசலாம். என்னை வளர்த்தே, சரி. அதுக்காக என் வீட்டுல எதைத் துவைக்கணும், எதுல துவைக்கணும்னு நீயா சொல்லுவே?"

பீப்பாய்க்காரி குனிந்து டப்பை நிமிர்த்தினாள். அடியில், ஓரம் வளைகிற இடத்தில், நகத்தால் சுரண்டினால் வருமா வராதா என்கிற அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு. குண்டு டப்பைப் பார்த்ததும் தண்ணீர் என்று நினைத்துக் கைகளை ஆட்டியது. அவள் டப்பைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

"அக்கா. டப்பை எங்க எடுத்துட்டுப் போறே?"

அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் டப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர், "டப்புக்கும் டிக்கெட் எடுக்கணும்மா, ரெண்டு பேர் உட்கார்ற இடம்" என்றார். "எடுத்துக்குங்க. இன்னைக்கு இதுக்குத்தான் வேலை, நான் கூட வர்றவ" என்றாள். டிக்கெட்டையும் எடுத்தாள்.

மீட்டர்காரர் தன் சின்ன அறையில் தனியாக இருந்தார். அவள் டப்பை மேசைமேல் வைத்தாள். என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. கருவியை எடுத்து டப்பின் அடிப்பக்கத்தில் மெதுவாக ஓட்டினார். வழவழப்பான இடங்களில் அது எப்போதாவது ஒரு முறை முனகியது. ஓரம் வளைகிற இடத்துக்கு வந்ததும் கொறிக்க ஆரம்பித்தது. அவர் கையை அங்கேயே வைத்திருந்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"இருக்கு" என்றார். "கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"உன் பீப்பாய் அறையில இருந்தா இதை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். குளிக்கிற குழந்தை தண்ணியக் குடிக்குமே, அதை நினைச்சா..."

"சரி. கொடுங்க, எடுத்துட்டுப் போறேன். தேச்சுக் கழுவிப் பார்க்கிறேன்."

"இல்லக்கா, இது வெளியே போகக்கூடாது" என்றார் மீட்டர்காரர்.

அது அவர் யோசித்துச் சொன்ன சொல் இல்லை. கருவி சத்தம் போடுகிற எந்தப் பொருளையும் வாசலைத் தாண்டவிடாமல் பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தங்கிவிட்ட சொல். சொல்லிவிட்டுத்தான் அவருக்கே அது கேட்டது. டப் வெளியே போகக்கூடாது. அதில் துவைத்த உடுப்பு தினமும் போய்வரலாம். இருவரும் அந்த நீல டப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் பகல் ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அவள் அறை அறையாகப் போய்ப் பேசினாள். பெரிய பிரசங்கம் எல்லாம் இல்லை. "கூடை திரும்பி வர்ற வரைக்கும் நான் காலைத் தூக்கப் போறதில்லை. கூட உட்கார்றவங்க உட்காரலாம்" என்றாள். டப் விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு டப் இருந்தது. சொல்லத் தேவை இருக்கவில்லை.

"தொட்டிங்க ஓடிக்கிட்டு இருக்கே அக்கா?" என்றான் கண்ட்ரோல் ரூம் ஆள். "அடுத்த ஷிஃப்ட் உள்ள வரலைன்னா யார் பார்க்கிறது?"

"அடுப்பை எரியவிட்டுட்டுப் போறவளா நான்? முறைப்படி நிறுத்திட்டு வாங்க. அரைப்பை முதல்ல நிறுத்து, அப்புறம் அமிலம், அப்புறம் உலர்த்தி. நிறுத்துற வேலையில ஒருத்தன்கூட அவசரப்படக்கூடாது."

அப்படியே செய்தார்கள். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் உலர்த்தியின் விசிறியும் நின்றபோது அந்த ஆலையில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. கொஞ்சப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உடுப்போடு, பூட்ஸோடு, கால்கள் அழுக்குப் பக்கத்தில். சுவரிலிருந்து சுவர்வரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நடுவில் பீப்பாய்க்காரி. உள்ளே போக வேறு வழி கிடையாது. அவசரக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் ஊருக்கே கேட்கும்படி சங்கு அலறும். அதைத் திறக்க மேனேஜருக்கு மனம் வரவில்லை.

அவர் சுத்தப் பக்கத்திலிருந்து வந்தார். அவருக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான்.

"என்ன இது?"

ஒரு முதுகும் திரும்பவில்லை.

"என்னம்மா, நீதானே இதுக்குத் தலை? உற்பத்தியை நிறுத்தச் சொன்னது யார்?"

"நான்தான் சார்" என்றாள், திரும்பாமல். "வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகணும். பூட்ஸ் கழட்டத் தயார், உடுப்பு கழட்டத் தயார். போடுறதுக்குக் கூடையைத்தான் காணோம்."

"பை கொடுத்திருக்கோமே."

"பை பெஞ்சைத் தாண்டும் சார். கூடை தாண்டாது. எங்களுக்குக் கூடைதான் வேணும்."

"குட்டை நிறைஞ்சு கிடக்கு. கரை உடைஞ்சா கீழ இருக்கிற வயல் எல்லாம் போயிடும். அது உனக்குப் பரவாயில்லையா?"

அது நியாயமான கேள்வி. அவள் அதை உடனே தள்ளிவிடவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"பரவாயில்லைன்னு யார் சொன்னா? அரைப்பைக் குறைங்க. இப்ப நிறுத்தியிருக்கோமே, குட்டைக்கு ஒரு சொட்டு போகலை. பாதி ஓட்டினா பாதித் தண்ணி. சலவைக்கு இடம் கிடைக்கும். சரக்கு குறையும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். வயலைக் காப்பாத்த என் வீட்டுத் தரைதான் கிடைச்சுதான்னு கேக்குறேன்."

இதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிட்டது. சுத்தப் பக்கத்தில், வீட்டுச் சட்டையோடு, கையில் ஆளுக்கொரு பை. அவர்களில், ஷிஃப்ட் மாறியிருந்த தொட்டிக்காரனும் இருந்தான். முந்தின நாளிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. டப் எங்கே என்று தங்கச்சி மறுபடி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மேனேஜர் அவர்கள் பக்கம் திரும்பினார். கண் நேராக அவனிடம்தான் போனது.

"நீ வா. முதல்ல நீ உள்ள போ. இடம் விடச் சொல்லி நானே சொல்றேன். பட்டியல் நாளைக்குக் கையெழுத்துக்குப் போகுது, தெரியும்ல?"

அவன் பெஞ்சுவரை வந்தான். பீப்பாய்க்காரியின் முதுகுக்கு நேர் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது. அவள் தன் பூட்ஸின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மாவு மெலிதாகப் படிந்திருந்தது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவன் போனால் நகர்ந்து வழிவிடுவதா வேண்டாமா என்பதை அவள் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. தங்கச்சியின் முகம்தான் கண்முன் நின்றது.

"அக்கா" என்றான் அவன், மெதுவாக. "டப் எங்க?"

"மீட்டர்காரர்கிட்ட."

"எதுக்கு?"

"வெளியே விடமாட்டேங்கிறார்."

அவன் மீட்டர்காரரைத் தேடினான். அவர் குளியலறைக் கதவை ஒட்டி நின்றிருந்தார். மேனேஜரும் அவரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. உடுப்பெல்லாம் அளவுக்குள்ளதானே இருக்கு?"

மீட்டர்காரர் கதவைவிட்டு முன்னால் வந்தார். "உடுப்புக்கு அளவை நீங்க மாத்தினீங்க சார். குழந்தை குளிக்கிற டப்புக்கு யாரும் மாத்தலையே. அது என் அறையில இருக்கு. நான் விடமாட்டேன்."

அதற்குப் பிறகு வந்த மௌனத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நீளமாக இருந்தது என்றார்கள். அரைப்பு ஆள் ஒருவன் இருமலை அடக்கிக்கொண்டிருந்தான். குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

தொட்டிக்காரன் தன் கையிலிருந்த பையை அவள் தோளுக்கு மேலே நீட்டி, அழுக்குப் பக்கத்தில் போட்டான். பிறகு திரும்பினான். இரண்டு பேருக்கு இடையில் இருந்த இடுக்கில் தன்னைத் திணித்துக்கொண்டு, சுத்தப் பக்கம் காலை வைத்து உட்கார்ந்தான். அவன் முதுகு அவள் முதுகில் இடித்தது.

"நகருங்க அக்கா" என்றான்.

அவள் கொஞ்சம் நகர்ந்தாள்.

ஒருவர் பின் ஒருவராகப் பைகள் அந்தப் பக்கம் விழுந்தன. இடம் கிடைத்தவர்கள் பெஞ்சில் முதுகோடு முதுகு கொடுத்து உட்கார்ந்தார்கள். கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஏதோ சொன்னார், அல்லது சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெயில் ஜன்னல் வழியாக நகர்ந்து சுவரில் ஏறியது. கால்கள் மரத்துப்போயின. "அக்கா, எனக்கு அவசரம்" என்றான் அரைப்பு ஆள். "வாரா வாரம் பாட்டில்ல கேக்கிறாங்க. இன்னைக்குக் கேட்டா ரெண்டு பாட்டில் நிரப்பித் தருவேன்." பெஞ்சு முழுவதும் குலுங்கிச் சிரித்தது. உள்பக்கத்துக் கழிப்பறைக்கு ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். போனவனின் இடத்தை அவன் வரும்வரை இரண்டு பக்கமும் சாய்ந்து அடைத்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை" என்றாள் பீப்பாய்க்காரி, முதுகை முதுகில் சாய்த்தபடி. "பட்டியல் போயிடுச்சே."

"போகட்டும்."

"அவகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நீங்க தள்ளிவிட்டீங்கன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க. ஏற்கெனவே பேசலை, இனி புதுசா என்ன."

விளக்கு போடுகிற நேரத்தில் மேனேஜர் திரும்பி வந்தார். பின்னால் சலவை அறை ஆள் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். கரை உயரும்வரை அரைப்பு பாதிதான் ஓடும், சலவை நாளை திறக்கும் என்றார் மேனேஜர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. பிறகு அவளிடம் சொன்னார்:

"உத்தரவில்லாம ஆலையை நிறுத்தினதுக்கு யாராவது பதில் சொல்லணும். மேலே கேட்டுட்டாங்க. நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

தொட்டிக்காரன் எழுந்தான். அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"சரி சார்" என்றாள். "என்னை வெளியே விடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. இதை உள்ளேயே வச்சுக்குங்க."

பூட்ஸைக் கழற்றினாள். முகமூடியைக் கழற்றினாள். அட்டைபோல விறைத்துக் கிடந்த உடுப்பை உருவிக் கூடையில் போட்டாள். அது மடங்காமல் கூடைக்குள் நின்றது. அதன் தலையில் ஒரு தட்டு தட்டி அமர்த்தினாள். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, திரும்பி, சுத்தப் பக்கம் வைத்தாள். குளித்து வந்தவளின் கையிலும் காலிலும் மீட்டர்காரர் கருவியை வைத்துப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

பிறகு நடந்தது இவ்வளவுதான். சலவை அறை மறுநாள் திறந்தது, அப்புறம் மூடவில்லை. குட்டையின் கரையை உயர்த்தினார்கள். மேனேஜரை வேறு ஊர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மீட்டர்காரர் ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு போய்விட்டார். தொட்டிக்காரனை அந்த வருஷமும் பர்மனென்ட் ஆக்கவில்லை, அடுத்த வருஷமும் ஆக்கவில்லை. அவன் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தங்கச்சி கோபத்தில் மாடியைக் காலிசெய்து வேறு தெருவுக்குப் போனாள். ஏறக்குறைய இரண்டு வருஷம் அக்காவோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள். குண்டுவுக்குச் சிறுநீர் பரிசோதனை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பீப்பாய்க்காரி ஒரு எண்ணெய்க் கம்பெனியில் டின்களுக்கு மூடி போடுகிறாள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டுக்காரர் இன்னும் வேன் ஓட்டுகிறார்.